நூலும் சாயமும் நேர்மையான இடத்தில் வாங்கணும், வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் 18 பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டுக் குழந்தைகள் துணி தைக்கிறோம். இதுவரை விலையும் டெலிவரி தேதியும் மட்டும் பார்த்து நூல் எடுத்தோம். இனி அப்படி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

சாயம்தான் பெரிய கவலை. நொய்யல் கரையில் வளர்ந்தவன் நான், ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு கலந்து தண்ணீர் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத பட்டறைதான் ஓடலாம். ஆனால் நாம் கொடுத்த துணி அங்கேயேதான் நனைகிறதா, வேறு எங்காவது கைமாறுகிறதா? என்னைப் போன்ற சின்ன ஆள் இதை எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்தது நூல் மில். அங்கே விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் மாதாமாதம் கைக்கு வருகிறதா, நினைத்தபோது ஊருக்குப் போக முடிகிறதா என்று கேட்டேன். ஒரு மில்லில் போனையே வைத்துவிட்டார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

ஜிஓடிஎஸ் (இயற்கை முறை நூல், துணிக்கான சர்வதேசத் தரம்) சான்றைக் காட்டுகிறவர்கள் உண்டு. அது நிறுவனத்துக்கானது. நாம் எடுக்கும் லாட்டும் சான்று பெற்ற சரக்குதான் என்று காட்ட, அதற்குத் தனியாக டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட் வேண்டும். 200 கிலோவுக்கு அதைத் தருகிற மில் தெரியுமா? நான்கைந்து யூனிட் சேர்ந்து நூல் எடுத்த அனுபவம் இருந்தால், கிலோவுக்கு எவ்வளவு கூடியது என்பதையும் சொல்லுங்க.