சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்: மீட்டதோடு கதை முடிந்துவிடுமா?

கடைசிவரிசை

2023-இல் ஊரே பேசிய ‘சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்’ படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஹோண்டுராஸில் அக்கா, தம்பி இரண்டு பேரைக் கடத்துகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி டிம் பாலார்ட் (நிஜத்திலும் இருக்கிற ஆள்) தம்பியை மெக்ஸிகோ எல்லையில் மீட்கிறார். ‘அக்கா எங்கே?’ என்று பையன் கேட்ட கேள்வி அவரை விடவில்லை. வேலையை உதறிவிட்டு கொலம்பியாவுக்குப் போகிறார்.

செலவு 1.45 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் இது டீ, காபி காசு. 2018-இல் எடுத்து முடித்த படம், வாங்கிய கம்பெனி கைமாறியதால் ஐந்து வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. 2023 ஜூலை 4 அன்று வெளியாகி, அன்றைய வசூலில் இண்டியானா ஜோன்ஸையே முந்தியது. மொத்த வசூல் உலகெங்கும் சுமார் 25 கோடி டாலர்.

ஆனால் என்னை உட்கார வைத்தது வசூலும் இல்லை, ஆக்‌ஷனும் இல்லை. வாம்பிரோ என்ற பாத்திரம்தான். பில் கேம்ப் நடித்திருக்கிறார். போதைக் கும்பலின் கறுப்புப் பணத்தை வெளுத்துச் சிறைக்குப் போய் வந்த கிழவன். தான் காசு கொடுத்துப் போன பெண்ணுக்கு 14 வயதுதான் என்று ஒரு நாள் தெரிய வருகிறது. அந்த இருட்டே தான்தான் என்று புரிந்துபோய், துப்பாக்கியைத் தன் தலைக்கே வைத்துக்கொண்டவன். அதற்கப்புறம் குழந்தைகளைக் காசு கொடுத்து வாங்கி விடுவிப்பதே அவன் வேலை. இதைச் சொல்லும்போது முகத்தில் அழுகைகூட இல்லை. பாவமன்னிப்பை இப்படி எடுக்கப் பணம் வேண்டாம், ஒரு நல்ல நடிகர் போதும்.

இன்னொன்று. குழந்தைக்கு நடக்கும் கொடுமையைப் படம் ஒரு இடத்திலும் காட்டவில்லை. ஒரு திரைச்சீலையை இழுத்து மூடுகிறார்கள், அவ்வளவுதான். நம்மூரில் இதே கதை கிடைத்திருந்தால் அலறலை டால்பியில் போட்டிருப்பார்கள்.

ஈரக்களிமண்

நான் எதிர்க்கட்சி. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: கொத்தடிமை மீட்பில் சில வருஷமாக அலைகிற ஆள், அதனால் இந்த மாதிரிப் படம் என்றாலே கொஞ்சம் கடுகடுப்பு வரும்.

ஆரம்பத்தில் என்ன காட்டுகிறார்கள்? சிசிடிவி காட்சிகள். நடுத்தெருவில் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்க்கிறவன் மனதில் பதிவது அதுதான்: கடத்தல் என்றால் முகம் தெரியாதவன் வேனில் வந்து தூக்கிப்போவது. ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம். 2017-இல் வெளியிட்ட தரவின்படி, அடையாளம் காணப்பட்ட குழந்தைக் கடத்தல்களில் ஏறக்குறைய பாதியில் குடும்பத்து ஆள் யாராவது சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். மாமா, சித்தி, அக்கம்பக்கம், ‘வேலை வாங்கித் தருகிறேன்’ என்ற தெரிந்த முகம். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேனைத் தேடுகிறவர்கள் அந்தச் சித்தியைத் தேட மாட்டார்கள்.

கடைசிவரிசை

சார், தப்பாக நினைக்காதீர்கள், படத்தை முழுசாகப் பார்த்தீர்களா? அந்தக் குழந்தைகளை யாரும் வேனில் தூக்கிப்போகவில்லை. முன்னாள் அழகிப் பட்டக்காரி ஒருத்தி வீட்டுக்கே வந்து, ‘உன் பெண்ணுக்குக் களை இருக்கிறது, மாடலிங் ஆடிஷனுக்கு அழைத்து வா’ என்கிறாள். அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுகிறார். பெற்றவர்கள் உள்ளே இருக்கக்கூடாது, சாயங்காலம் வாருங்கள் என்கிறார்கள். திரும்பி வந்தால் அறை காலி. நீங்கள் சொல்கிற அந்தச் சித்தி இதில் இருக்கிறாள், கொஞ்சம் லிப்ஸ்டிக்கோடு.

ஈரக்களிமண்

பார்த்தேன், முழுசாகவே பார்த்தேன். அந்த முதல் பத்து நிமிஷம் சரியாக எடுத்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்த அப்பா காலி அறையில் நிற்கிற நிற்பு நான் நேரில் பார்த்தது. அப்படியானால் அந்த சிசிடிவி எதற்கு? தன் கதையைத் தானே நம்பாத மாதிரி இருக்கிறது.

அப்புறம் படம் சொல்கிற அந்த 150 பில்லியன் டாலர் வியாபாரம் என்ற கணக்கு. அது ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2014-இல் சொன்ன எண். கட்டாய உழைப்பு மொத்தத்திலும் வருகிற லாபம் அது. பெரியவர்கள், மீன்பிடிப் படகு, வீட்டு வேலை, செங்கல் சூளை எல்லாம் சேர்த்து. அதைக் குழந்தைகள் தலையில் மட்டும் வைத்துப் பேசுவது சரியில்லை.

கடைசிவரிசை

அதே ஐ.எல்.ஓ. அறிக்கையில் அந்த 150-இல் 99 பில்லியன் பாலியல் சுரண்டலில் வருகிறது என்றும் இருக்கிறது. 2024-இல் மொத்தத்தை 236 பில்லியன் என்று திருத்தினார்கள், அதிலும் முக்கால் பங்குக்குக் கிட்டே அதே வகைதான். படம் முக்கியமான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

ஈரக்களிமண்

லாபத்தை எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆளை எண்ணினால்? 2021 நிலவரப்படி கட்டாய உழைப்பில் 2.76 கோடிப் பேர். அதில் பாலியல் சுரண்டல் 63 லட்சம். மீதிப் பேர் மூட்டை தூக்குகிறார்கள், கல் அறுக்கிறார்கள், துணி தைக்கிறார்கள். அவர்களை வைத்து யாரும் ஆக்‌ஷன் திரில்லர் எடுப்பதில்லை.

ஓசிடிக்கெட்

வசூல் வசூல் என்கிறீர்களே, படம் முடிந்ததும் ஹீரோவே திரையில் வந்து, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து முகம் தெரியாத ஒருவருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாரே, அதைச் சொல்லவில்லையே? அதில் எத்தனை சீட் நிரம்பியது, எத்தனை சீட் காலியாகக் காசு மட்டும் போட்டது? நம்மூர் ரசிகர் மன்றம் மொத்தமாக டிக்கெட் வாங்கினால் மட்டும் சிரிப்பீர்கள்.

அந்த ஹீரோ ஜிம் கவீசல் மேடைக்கு மேடை பேசிய சதிக்கதைகள் வேறு. எனக்கு அதோடு ஆர்வம் போய்விட்டது.

பழையபுரொஜக்டர்

தம்பி, நடிகன் மேடையில் பேசியதைப் படத்தின் கணக்கில் எழுதாதீர்கள். அந்தச் சதிக்கதைக் கும்பல் (கியூஅனான் என்பார்கள்) கிளம்பியதே 2017 அக்டோபரில். இந்தத் திரைக்கதை அதற்கு முன்பே எழுதப்பட்டது. படத்துக்குள் அந்தப் பேச்சு ஒரு வரிகூட இல்லை.

நான் தொழில்நுட்பம் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்ன பட்ஜெட்டில் ஆக்‌ஷன் எடுப்பவனுக்கு இரண்டு வழிதான். ஒன்று, சண்டையைக் குறைத்து முகத்தை நம்புவது. இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு பெரிய இடத்துக்குக் காசைச் சேமிப்பது. இயக்குநர் மான்டெவெர்டே இரண்டையும் செய்திருக்கிறார். தீவில் விருந்து என்று சொல்லித் தரகர்களை வரவழைத்துப் பிடிக்கிற காட்சிவரை துப்பாக்கி வெடிக்க வேண்டிய தேவையே இல்லை. பயம் முழுக்கப் பேரத்தில் இருக்கிறது. விலை பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், கை குலுக்குகிறார்கள். அங்கே எனக்கு வியர்த்தது.

ஆனால் காட்டுக்குள் போனதும் படம் வேறு படமாகிவிடுகிறது. டாக்டர் வேஷம், படகு, கிளர்ச்சிக்காரர்களின் முகாம், ராத்திரியில் வெறுங்கையால் கொலை. நிஜ பாலார்ட் அப்படி யாரையும் கொல்லவில்லை என்று படத்தை வெளியிட்ட நிறுவனமே சொல்லிவிட்டது. தீவுக் காட்சியிலேயே முடித்திருக்கலாம். முடிக்க மாட்டார்கள், ஏனென்றால் தேடி வந்த அந்த அக்கா அங்கே இல்லை.

கடைசிவரிசை

அண்ணே, அந்தப் பெண் கிடைக்காமல் படத்தை முடித்தால் தியேட்டரில் திரையைக் கிழித்துவிடுவார்கள்.

பழையபுரொஜக்டர்

கிழிக்கட்டும். 2002-இல் ஸ்வீடன்காரர் மூடிசன் எடுத்த ‘லில்யா 4-எவர்’ பாருங்கள். அதில் மீட்பு என்ற பேச்சே கிடையாது. பெண்ணை அனுப்பி வைக்கிறவன் அன்பாகப் பேசுகிற காதலன். அந்தப் படத்தைத்தான் மால்டோவாவில் ஐ.ஓ.எம். ஊர் ஊராகக் கொண்டுபோய் விழிப்புணர்வுக்குத் திரையிட்டது. முடிவில் ஜெயித்தால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு.

ஈரக்களிமண்

அண்ணன் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீட்பு நாள் ஒரு படக்காட்சி மாதிரிதான் இருக்கும், பொய் சொல்லவில்லை. விடிகாலையில் ஜீப்புகள், வருவாய்த்துறை, போலீஸ். திருவள்ளூர் பக்கம் ஒரு சூளையில் அப்படிப் போனோம். ஈரக் கல் வரிசைக்கு நடுவில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பணம் வாங்கியது ஆளுக்குச் சில ஆயிரம். அதைக் கழிக்க மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏறும்போது ஒரு பாட்டி அழுதாள், நானும் அழுதேன். படம் என்றால் அங்கே பாட்டுப் போட்டு முடித்துவிடலாம்.

அதற்கப்புறம்தான் வேலையே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ் இல்லாவிட்டால் கடன் ரத்தானதற்கே ஆதாரம் கிடையாது. உடனடி உதவி 20,000 ரூபாயாக இருந்தது, பிறகு 30,000 ஆனது. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள் குழந்தைகளுக்கு 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று திட்டத்தில் இருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை சாப்பாடு? நாங்கள் மீட்ட குடும்பங்களில் ஒன்று அடுத்த சீசனில் வேறொரு சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாட்டியும் கூடத்தான்.

கொலம்பியத் தீவில் 54 குழந்தைகள் கரையில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பாடுகிறார்கள். நல்ல காட்சி. மறுநாள் காலையில் அந்த 54 பேரும் எங்கே? படத்துக்கு அக்கறையில்லை, அது ஹீரோவோடு காட்டுக்குள் போய்விடுகிறது. மீட்டவருக்கு மனசாந்தி கிடைக்கிறது. மீட்கப்பட்ட அந்த 54 பேருக்கு என்ன கிடைத்தது என்று படம் சொல்லவில்லை. பாலார்ட் 2023-லேயே தான் தொடங்கிய மீட்பு அமைப்பைவிட்டு வெளியேறினார், பெண்கள் சிலர் அவர்மேல் பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடர்ந்தார்கள், அவர் மறுக்கிறார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஒற்றை ஆளை மையமாக வைத்துக் கட்டினால் அந்த ஆள் ஆடும்போது மொத்தமும் ஆடும், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைசிவரிசை

வாதம் புரிகிறது. ஆனால் கோட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் சான்றிதழுக்காகக் காத்திருக்கிற இரண்டு மணி நேரப் படத்துக்கு நான் 180 ரூபாய் கொடுக்க மாட்டேன். நேர்மையாகச் சொல்கிறேன். ஹோண்டுராஸ் எங்கே இருக்கிறது என்றே நேற்றுவரை எனக்குத் தெரியாது. இன்று உங்களோடு உட்கார்ந்து 1976 சட்டம் பேசிக்கொண்டிருக்கிறேன். என்னை இங்கே கொண்டுவந்து விட்டது நீங்கள் திட்டுகிற அந்தப் படம்தானே?

வாம்பிரோவைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மாதிரி ஆள் நிஜத்தில் உண்டா, அதுவும் சினிமாதானா?

ஈரக்களிமண்

வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். படத்தில் எனக்கும் பிடித்தது அவன் ஒருவனைத்தான்.

உண்டு. நான் சொன்ன சூளைக்கு அந்தக் குடும்பங்களைக் கூட்டி வந்தது ஒரு மேஸ்திரி. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். விசாரித்தால், அவரே சின்ன வயதில் அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்தவர். நெல் அவித்த சூடு காலில் தழும்பாக இருக்கிறது. தப்பித்து வெளியே வந்தவருக்குத் தெரிந்த ஒரே தொழில், ஆள் பிடிக்கும் தொழில். ‘நான் கூட்டிப்போகாவிட்டால் வேறொருத்தன் கூட்டிப்போவான், அவன் அடிப்பான்’ என்று என்னிடமே நியாயம் பேசினார்.

கொஞ்ச நாள் கழித்து அவராகவே வந்தார். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன். சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாட்டி திரும்பச் சூளைக்குப் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறார், அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஓசிடிக்கெட்

இதைப் படமாக எடுத்தால் நானே காசு கொடுத்து டிக்கெட் வாங்குவேன். கியூஆர் கோடு வேண்டாம்.

பழையபுரொஜக்டர்

எடுத்தால் தயாரிப்பாளர் வந்து, ‘சார், மேஸ்திரி கிளைமாக்ஸில் முதலாளியை வெட்டணும்’ என்பார்.

கடைசிவரிசை

சாட்சி சொன்னாரா?

ஈரக்களிமண்

இன்னும் கூண்டு ஏறவில்லை. போன வாய்தாவுக்கு வரவில்லை. மிரட்டிவிட்டார்களோ, காசு வாங்கிவிட்டாரோ என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. நானும் நினைத்தேன், மறைக்கவில்லை. சாயங்காலம் போன் போட்டேன். பின்னால் கலவை மிஷின் சத்தம். கட்டட வேலையில் இருக்கிறாராம், ஒரு நாள் விட்டால் கூலி போய்விடும் என்றார். கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அடுத்த வாய்தா தேதியைக் கேட்டார். சொன்னேன். யாரிடமோ பேனா வாங்கிக் குறித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார்.