ராணுவப் பயிற்சிக்குச் சாப்பாடு ஒப்பந்தம்: இறங்கலாமா?

காலடிப்பேட்டை சமையல்:
திருவொற்றியூரில் பதினோரு ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். அரசு வேலை எதையும் இதுவரை தொட்டதில்லை. மே மாதம் எண்ணூர்ப் பக்கம் ஒரு ராணுவப் பிரிவு 12 நாள் பயிற்சிக்கு வருகிறது. 140 பேர், மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு முறை டீ. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 310 ரூபாய் போடலாம் என்று நினைக்கிறேன். சிறு நிறுவனப் பதிவுக்கான உத்யம் சான்றிதழும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருக்கின்றன. துணிந்து இறங்கலாமா? பட்டியலில் வாரம் இருமுறை மீன் வேறு இருக்கிறது.

பழைய கரண்டி:
310 கிடக்கட்டும் தம்பி, முதலில் அந்த 140-ஐ நம்பாதீர்கள். கல்யாணத்தில் இலைக்குக் காசு. அங்கே சாப்பிட்ட தலைக்குத்தான் காசு. என் முதல் ஒப்பந்தம் 90 பேருக்கு. இரண்டாம் நாள் காலை 90 பேருக்கும் பொங்கல் இறக்கி வைத்துக் காத்திருந்தேன். இரவு நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வந்தவர்கள் 37 பேர். பில்லும் 37-க்குத்தான் பாஸ் ஆனது. மிச்சப் பொங்கலை வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுவந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டேன். அன்றைக்கு மட்டும் நான் நல்லவன்.

மறுநாளே கார்பன் வைத்த நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் மாலை ஆறு மணிக்கு, மறுநாள் எந்த வேளைக்கு எத்தனை பேர் என்று எழுதி, மெஸ் பொறுப்பாளரிடம் பெயர், பதவியோடு கையெழுத்து வாங்குவேன். ‘நாளைக்குப் போடுகிறேன்’ என்றால் அங்கேயே நிற்பேன். குறைந்தபட்சம் எத்தனை பேருக்குப் பணம் உறுதி என்பதை விலை போடுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

குறு, சிறு நிறுவனம் என்பதால் ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் வேலை கிடைத்த பிறகு கட்டும் செயல்பாட்டுப் பிணைக்கு அந்த விலக்கு இல்லை. ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை முடங்கும். பணம் 45 நாளுக்குள் வரவேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வட்டியை நான் கேட்கவில்லை. அடுத்த வேலையும் அவர்களிடம்தான் என்ற ஆசை.

மீனா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது வஞ்சிரம் என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘மீன் அல்லது கோழி’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி ஹவில்தார் (ஓய்வு):
சாப்பிட்டவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வழக்கமாக எங்கள் ரேஷனை எங்கள் சமையல்காரர்களே லங்கரில், அதாவது பிரிவின் சமையற்கூடத்தில், சமைப்பார்கள். வெளியாள் சாப்பாடு என்றாலே பையன்கள் முதலில் ரொட்டியைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஐந்து என்றால் ஒரு வேளைக்கு 700 ரொட்டி. கல்யாணக் குழு இதில்தான் திணறும். வடக்கத்திப் பையன்களுக்குப் பொங்கல் ஒருநாள் வேடிக்கை, மறுநாள் வேதனை. விடியற்காலை ஐந்து மணி டீ தாமதமானால் அன்றைக்கு நீங்கள் என்ன போட்டாலும் குறைதான் வரும். தயிர்சாதத்தை மே மாத வெயிலில் மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

காலடிப்பேட்டை சமையல்:
ரொட்டியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை ஐயா. சமைத்து வண்டியில் அனுப்பலாம் என்றிருந்தேன்.

பழைய கரண்டி:
எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் உங்கள் சாம்பார் நிற்குமா? சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. உள்ளேயே அடுப்பு போட இடம் கேளுங்கள்.

காலடிப்பேட்டை சமையல்:
கேட்டுவிட்டேன். கொட்டகைக்கு இடமும் தண்ணீரும் தருகிறார்களாம். எரிவாயு என் பொறுப்பு. மீனுக்குப் பதில் கோழிக்கு ஒப்புக்கொண்டார்கள். குறைந்தபட்சம் 110 பேர் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. ரொட்டிக்குச் சௌகார்பேட்டையில் இரண்டு பேரைப் பேசியிருக்கிறேன். அவர்கள் கூலியையும் சேர்த்தால் 345 வருகிறது. கார்பன் நோட்டும் வாங்கியாயிற்று.