பிளவிதயமா, சேரா இதயமா?

ஐயாவுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் 'கார்டியா பைஃபிடா'வுக்கு, அதாவது கருவில் இதயம் ஒன்றாகச் சேராமல் இரண்டாக நின்றுவிடும் நிலைக்கு, எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> 'கார்டியா பைஃபிடா'வுக்குப் 'பிளவிதயம்' போதுமே. பைஃபிடா என்றாலே பிளந்தது என்றுதான் பொருள்.

லத்தீனுக்குச் சரி. ஆனால் வரிக்குதிரை மீனின் கருவில் எதுவும் பிளப்பதில்லை. இதயமாகப் போகும் செல்கள் இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டமாகத்தான் முதலில் இருக்கின்றன. இரண்டும் நடுக்கோட்டுக்கு நகர்ந்து, ஒட்டி, ஒரே குழாயாகின்றன. கருவுற்று ஏறக்குறைய ஒரு நாளில் அந்தக் குழாய் துடிக்கும். 'மைல்ஸ் அபார்ட்' என்ற சடுதிமாற்றம் (மரபணுவில் நேரும் மாற்றம்) உள்ள கருவில் இந்த நகர்வு நடப்பதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி இதயங்கள் நின்ற இடத்திலேயே துடிக்கின்றன. கரு கண்ணாடி போல இருப்பதால் நுண்ணோக்கியில் அப்படியே தெரியும். ரத்த ஓட்டம் இல்லாவிட்டாலும், தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் உடலுக்குள் ஊறிச் சில நாள் உயிரைப் பிடித்து வைக்கும். பாலூட்டியின் கரு இதைத் தாங்காது.

> உதட்டுப் பிளவும் சேராமல் போனதுதானே? அதைப் பிளவு என்றுதானே சொல்கிறோம்?

நல்ல கேள்வி. ஆனால் அங்கே ஒரே உதட்டில் இடைவெளி. இங்கே தனித்தனியாகத் துடிக்கும் இரண்டு. 'பிளவிதயம்' என்றால் மாணவர் இதயத்தில் ஓட்டை என்றுதான் எடுத்துக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. 2000-இல் வந்த ஆய்வில், சடுதிமாற்றமுள்ள செல்களை இயல்பான கருவுக்குள் வைத்தபோது அவை ஒழுங்காக நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. இயல்பான செல்களோ சடுதிமாற்றக் கருவுக்குள் நகரவில்லை. ஆக, கோளாறு இதயச் செல்லில் இல்லை, சுற்றியுள்ள திசுவில். அங்கே எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறின் ஏற்பி, அதாவது அதன் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் புரதம், வேலை செய்யாததால் வந்த வினை. வழி சரியில்லாததற்கு இதயத்தைப் பிளந்ததாகச் சொல்வானேன்?

> அப்படியானால் 'இணையா இதயம்'?

காதல் படத் தலைப்பு மாதிரி இருக்கிறது ஐயா! 'இணையிலா'வோடு குழம்பவும் கூடும். 'கூடா இதயம்' என்றால் கூடா நட்பு நினைவுக்கு வந்துவிடும். 'இரட்டை இதயம்' என்றால் ஒன்று கூடுதலாக முளைத்தது போல ஒலிக்கிறது.

என் வாக்கு 'சேரா இதயம்' என்பதற்கே. 'சேரா இதய மீன்', 'சேரா இதய நிலை' என்று தொடராகவும் எளிதில் வரும். பட்டியலில் இதை முதலிலும், பழகியவர்கள் தேடினால் கிடைக்கும்படி 'பிளவிதயம்' என்பதை அடுத்தும் போடலாமா? கோழிக் கருவைப் பற்றி எழுதுகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கே முன்குடலின் வாசலைக் கீறித்தான் இதே நிலையை உண்டாக்குகிறார்கள். கத்தி படுவதால் அவர்கள் 'பிளவு' பக்கம் சாயக்கூடும்.