ராயல் ட்ரூனின் எட்டாவது ஹோல்: 123 யார்டு போதும்

கோல்ஃபில் கடினமான பார் 3 ஹோல் (மூன்று அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்க்க வேண்டிய பகுதி) என்றதும் நம்மில் பலருக்கு இருநூறு யார்டைத் தாண்டிய தொலைவும், குறுக்கே கிடக்கும் ஏரியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ராயல் ட்ரூன் மைதானத்தின் எட்டாவது ஹோலை ஆடிய பிறகு, எனக்கு அந்த எண்ணம் அடியோடு மாறிவிட்டது. போஸ்டேஜ் ஸ்டாம்ப் என்று கோல்ஃப் உலகம் அறிந்த அந்த ஹோலின் தொலைவு 123 யார்டு மட்டுமே. பிரிட்டனின் ஓப்பன் சாம்பியன்ஷிப் போட்டி நடக்கும் மைதானங்களில் இதைவிடக் குறுகிய ஹோல் கிடையாது. குறுக்கே சொட்டுத் தண்ணீரும் இல்லை.

வெளியாட்களைக் குறிப்பிட்ட நாட்களில் ஆட அனுமதிக்கிறார்கள். என்னுடன் நீண்டகால நண்பர் ஒருவர் ஆடினார். இருவருக்கும் அந்த மண்ணிலேயே வளர்ந்த மூத்த கேடி (கோல்ஃப் மட்டைகளான கிளப்புகளைச் சுமந்து, ஆலோசனை சொல்பவர்) ஒருவர் துணையாக இருந்தார்.

பந்தை முதலில் அடிக்கும் இடமான டீ மேட்டில் இருக்கிறது. கீழே ஒரு பள்ளம். அதற்கு அப்பால் ஒரு பெரிய மணல்மேட்டின் விலாவை வெட்டி அமைத்தாற்போல, குழியும் கொடியும் உள்ள, நீண்டு மிகவும் ஒடுங்கிய புல்பரப்பான கிரீன். இடப்பக்கம் பங்கர்கள் எனப்படும் மணற்குழிகள் இரண்டு, முன்னால் பெரிய பள்ளமாக ஒன்று, வலப்பக்கம் ஏறக்குறைய செங்குத்தான சுவர்களைக் கொண்ட ஆழமான இரண்டு. வேறு மைதானங்களில் தவறவிடுவதற்கென்று பாதுகாப்பான ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். இங்கே அப்படி ஒரு பக்கம் இல்லை என்பதுதான் இந்த ஹோலின் உண்மையான கடினம் என்று நினைக்கிறேன்.

அன்று காற்று எதிரிலிருந்து, சற்று இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து வீசியது. டீயைச் சுற்றியிருந்த புற்கள் தரையோடு படிந்து கிடக்க, மணல்மேட்டின் மறைவில் நின்ற கொடி மட்டும் லேசாகவே அசைந்துகொண்டிருந்தது. அந்தக் கொடியை நம்பி கிளப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கேடி முதலிலேயே எச்சரித்தார். வழக்கமாக அந்தத் தொலைவுக்கு நான் ஒன்பதாம் அயர்ன் (எண் குறையக் குறையப் பந்து அதிகத் தொலைவு போகும் கிளப் வகை) எடுப்பேன். அவர் ஏழாம் அயர்னை நீட்டி, "கொடியை மறந்துவிடுங்கள் ஐயா, கிரீனின் நடுவை மட்டும் பாருங்கள், பந்து தாழ்வாகப் போகட்டும்" என்றார். அவர் சொன்னபடியே அரைவீச்சில் அடித்தேன். பந்து பள்ளத்தைக் கடக்கும்போது வலப்பக்கம் நகர்ந்து, கிரீனின் வலது ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே தங்கியது.

நண்பரின் பந்து இடப்பக்கத்தில் காஃபின் எனப்படும் பங்கரில் விழுந்தது. ஒடுக்கமான, தட்டையான அடித்தளம். பந்து முன்சுவரை ஒட்டிக் கிடந்தது. கிரீனை நோக்கி நின்றால் கிளப்பைப் பின்னுக்கு இழுக்க இடம் இருந்தது, ஆனால் பந்து மேலெழும்ப வழி இல்லை. வேகமாக அடித்தாலோ ஒடுங்கிய கிரீனைத் தாண்டி வலப்பக்கப் பங்கருக்குள் போய்விடும் அபாயம். அவர் கொடிக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைப் பின்பக்கமாக வெளியேற்றினார். அன்று நான் பார்த்ததில் மிகவும் அறிவார்ந்த அடி அதுதான்.

1950 ஓப்பனில் ஜெர்மானிய அமெச்சூர் ஆட்டக்காரர் ஹெர்மன் டிஸ்ஸீஸ் பங்கருக்கும் பங்கருக்குமாக அலைக்கழிக்கப்பட்டு, இந்த ஹோலை 15 அடிகளில் முடித்தார். அவற்றில் கிரீனில் பந்தை உருட்டும் கிளப்பான பட்டரால் அடித்தது ஒன்றே ஒன்று. 1997 ஓப்பனின் கடைசி நாளில் டைகர் வுட்ஸும் இங்கே ஆறு அடிகள் எடுத்தார். ஆனால் 1923இல் இதே ட்ரூனில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்ட முடியாமல் போன அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன், ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1973இல் தமது 71ஆம் வயதில் ஐந்தாம் அயர்னால் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் சேர்த்தார். மறுநாள் பங்கரில் விழுந்த பந்தை அங்கிருந்தே நேராகக் குழிக்குள் அடித்தார். இரண்டு நாட்களிலும் இந்த ஹோலில் அவருக்குப் பட்டரே தேவைப்படவில்லை. 71 வயதுக்காரரின் கைவலிமை போதுமானதாக இருந்த ஒரு ஹோல், உலகின் முன்னணி ஆட்டக்காரரிடம் ஆறு அடிகளைக் கறந்திருக்கிறது. இன்று புதிய மைதானங்களை அமைப்பவர்கள் பார் 3 ஹோல்களை நீட்டிக்கொண்டே போவதைக் காணும்போதெல்லாம், அவர்கள் இந்த டீயில் ஒருமுறை வந்து நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அங்கே ஆடப் போகிறவர்கள், ஏழாவது ஹோலை முடித்துவிட்டு டீ மேட்டில் ஏறியதும் உடனே கிளப்பை எடுக்க வேண்டாம். முன்னால் ஆடும் குழுவினரின் பந்துகள் பள்ளத்தின் மேலே எந்தப் பக்கம் நகர்கின்றன என்று நின்று பாருங்கள். அங்கிருந்து எல்லாமே தெளிவாகத் தெரியும்.