சூப்பர்சார்ஜர் பூட்டிய ஜிம்னி: மேடேறும்போது மூன்றாவது சிலிண்டர் தவறுகிறது

பீடோர் கிராணி:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 2022ஆம் ஆண்டில் வாங்கிய சுசுகி ஜிம்னி. 1,462 சிசி கே15பி இஞ்சின், நான்கு வேக ஆட்டோ கியர். வார நாள்களில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும். விடுமுறை வந்தால் கூரைமேல் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கோ ஏதாவது ஓர் ஆற்றங்கரைக்கோ குடும்பத்துடன் போய்விடுவோம்.

இந்த இஞ்சினின் சக்தி 102 குதிரைத்திறன்தான் என்பதால், நான்கு பேரும் சாமான்களும் ஏறிவிட்டால் ரிங்லெட் மேட்டில் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது. அதனால் பத்து மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் பெல்ட்டால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பூட்டினேன். கூடுதல் அழுத்தம் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) என்றார்கள். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க ஒரு சிறிய துணைக் கணினியை மட்டும் இணைத்தார்கள். முதல் ஆறு மாதங்கள் வண்டி பறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. மேட்டில் பெடலை அழுத்தினால், பால்மரக் கொட்டைகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. இஞ்சின் எண்ணெய் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது. போன மாதம் லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிய சற்று நேரத்தில் வண்டி உதறத் தொடங்கி, இஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தபோது, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. பானட்டின் உட்புறமெல்லாம் எண்ணெய்த் துளிகள். ஸ்கேனரில் வந்த குறி பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் தவறுகிறது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் பிளக்குகளையும் மாற்றினோம், இரண்டு வாரம் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே கதை.

பூட்டிக் கொடுத்த பட்டறை, இதற்கும் சூப்பர்சார்ஜருக்கும் தொடர்பே இல்லை என்று கையை விரித்துவிட்டது. வேறோர் இடத்தில், திறந்துகூடப் பார்க்காமல், இஞ்சினை முழுவதுமாகப் புதுப்பிக்க 8,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். வண்டி ஓடியிருப்பது 71,000 கிலோமீட்டர்தான். செலவில் இறங்குமுன் நான் என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈப்போ பழைய போர்மேன்:

தம்பி, இஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கு புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் உருக்கிவிடும். பிறகு அதற்கும் தனியாக ஒரு பில் வரும்.

நீங்கள் எழுதியதில் டிப்ஸ்டிக் எழும்பியதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. இஞ்சினின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறாமல் டிப்ஸ்டிக் தானாக எழும்பாது. அந்த அழுத்தம் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிவாயு கீழே இறங்குவது. மற்றொன்று, இஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை உறிஞ்சு குழாய்க்கு வெளியேற்றும் பிசிவி வால்வு. அசல் இஞ்சினில் அந்த வால்வு உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தை நம்பி வேலை செய்கிறது. சூப்பர்சார்ஜர் பூட்டிய பிறகு அதே குழாயில் வெற்றிடத்துக்குப் பதிலாக அழுத்தம் வருவதால், நடுவில் ஒரு நல்ல ஒருவழி வால்வு இல்லையென்றால் காற்று நேராக எண்ணெய்த் தொட்டிக்குள் புகுந்துவிடும். முப்பது வெள்ளிக்குள் முடிகிற இந்த வேலையைப் பல பட்டறைகள் செய்வதில்லை. எனவே அதை முதலில் பாருங்கள்.

ஆனால் கொட்டைச் சத்தத்தையும் மூன்றாவது சிலிண்டரையும் சேர்த்துப் பார்க்கும்போது, பிசிவி வால்வோடு இது முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கே15பியின் கம்பிரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அளவு, 10க்கு 1. தானாகக் காற்றை உறிஞ்சும் இஞ்சினுக்கு அது சாதாரண அளவுதான். அதற்குள் 6 பிஎஸ்ஐ கூடுதலாகத் திணித்தால், வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு அழுத்தத்தில் காற்று நுழைகிறது. அமுக்கிய காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். நம் ஊர்ப் பிற்பகல் வெயிலில் 34 பாகையில் உள்ளே போகும் காற்று, சாதாரணச் சூப்பர்சார்ஜரை விட்டு வெளியேறும்போது 80 முதல் 90 பாகையைத் தொட்டுவிடும். இன்டர்கூலர் இல்லாததால் அந்தச் சூடு குறையாமல் சிலிண்டருக்குள் இறங்குகிறது. தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடுவதைத்தான் நாங்கள் நாக்கிங் என்கிறோம். ஒவ்வொரு முறையும் அது பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். இத்தகைய இஞ்சின்களின் பிஸ்டன் வார்ப்பு அலுமினியம் என்பதால், ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய வரப்புதான் முதலில் உடையும்.

இதோடு பெட்ரோல் பற்றாக்குறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இக்கால வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தத்தைத் தொட்டிக்குள்ளேயே ஒரே அளவில் கட்டுப்படுத்துகிறார்கள். குழாயின் மறுமுனையில் 6 பிஎஸ்ஐ எதிர்த்து நின்றால் இன்ஜெக்டர் பீய்ச்சும் அளவு அதற்கேற்பக் குறைகிறது, அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அதே நேரத்தில். துணைக் கணினி இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்துச் சமாளிக்கும்; இன்ஜெக்டர் ஏற்கெனவே முழு நேரமும் திறந்திருந்தால் அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. முழு அழுத்தத்தில் காற்று–பெட்ரோல் விகிதம் 12க்கு 1 என்ற அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் பட்டறை அதை வைட்பேண்ட் மீட்டர் வைத்து அளந்து காட்டியதா? அளக்காமல் பூட்டியிருந்தால் குறை பூட்டியவரிடம்தான். சூப்பர்சார்ஜரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சோதனைக்கு வருவோம். முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக ஒரு வெள்ளைத் துணிமேல் வையுங்கள். மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலச் சாம்பல் நிறப் புள்ளிகள் மின்னினால், அவை உருகிய பிஸ்டனின் அலுமினியம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்பிரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் பக்கம்தான் கோளாறு. உறுதிப்படுத்த, பிஸ்டனை மேலே நிறுத்தி பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தி, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன், புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இதற்கெல்லாம் அரை நாள் கூலிதான் ஆகும்.

என்ன பெட்ரோல் ஊற்றுகிறீர்கள்? பிளக்கின் எண் என்ன?

குளுவாங் காட்டுவழி:

மேலே ஐயா சொன்னதெல்லாம் சரியே. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். கிராணி அண்ணன், உங்கள் டயர் என்ன அளவு? ஜிம்னியின் அசல் 195/80 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். பலரும் போடும் 235/75 டயர் ஏறக்குறைய 733. அந்த ஆறு விழுக்காடு, கியரை நீளமாக்கி இழுவையைக் குறைப்பதற்குச் சமம். மேட்டில் இஞ்சின் திணறியதற்கு அதுவும் கூரைக் கூடாரமும் காரணமாக இருந்திருந்தால், சுமையைக் குறைத்து, அச்சில் இருக்கும் இறுதி கியரின் விகிதத்தை மாற்றியிருந்தாலே போதும். நான் அப்படித்தான் செய்தேன். நெடுஞ்சாலையில் சத்தம் சற்று அதிகம், மேட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தஞ்சோங் மாலிம் 4x4:

சேற்றில் ஓட்டுகிறவர்கள் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும். புல்லியில் செம்மண் ஒட்டிக் காய்ந்தால் அது உப்புத்தாள் போலப் பெல்ட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் எட்டு மாதத்தில் ஓரம் பிய்ந்து தொங்கியது. நல்ல வேளையாக வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன்.

இன்னொன்று. இத்தகைய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதும், காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் விபத்து நேரும்போது இழப்பீடு சிக்கலாகும் என்பதும் பட்டறைகள் வாய் திறக்காத செய்திகள்.

பீடோர் கிராணி:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

போர்மேன் ஐயாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மானிய விலையில் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கும் 95 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றி வந்தேன். 97 போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அந்த விலைக்குப் போட்டிருப்பேனா தெரியாது. பிளக் அசல் எண்ணிலேயே இருந்தது. டயரும் குளுவாங் தம்பி ஊகித்த 235/75தான்.

பிளக்குகளை என் மனைவியின் பழைய கைத்துண்டில் வரிசையாக வைத்தேன். மூன்றாவதில் அந்தப் புள்ளிகள் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. கம்பிரஷன் 175, 170, 105, 175 பிஎஸ்ஐ. எண்ணெய் விட்டபோது மூன்றாவது 140க்கு ஏறியது. காற்றைச் செலுத்தியபோது எண்ணெய் மூடியில் கை வைத்தால் உள்ளங்கையில் ஊதியது. ஒருவழி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரப்பர் குழாய்தான் இருந்தது.

நேற்று தாப்பாவில் ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, மூன்றாவது பிஸ்டனை உருவினோம். முதல் இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் இருந்த வரப்பு சுண்டுவிரல் நக அளவுக்கு உடைந்திருந்தது. சிலிண்டர் சுவரில் ஒரே ஒரு கோடு; மெருகேற்றினால் போதும், சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த வேண்டாம் என்கிறார் அந்தப் பட்டறைக்காரர். ஒரு பிஸ்டன், நான்குக்கும் ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளிக்குள் முடியும்.

ஈப்போ பழைய போர்மேன்:

பிஸ்டனை உருவுவதற்காகக் கழற்றிய எண்ணெய்த் தொட்டியை நன்றாகக் கழுவுங்கள், தம்பி. உடைந்த அலுமினியத் துண்டு கீழேதான் கிடக்கும். எண்ணெய் பம்பின் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் கான்ராட் பேரிங்குகளை ஒரு முறை திறந்து பார்க்காமல் மூட விடாதீர்கள். சூப்பர்சார்ஜரை மறுபடி பூட்டுவதாக இருந்தால் இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், சூட்டை விரைவாகக் கடத்தும் ஒரு படி குளிர்ந்த பிளக், ஒருவழி வால்வு, எப்போதும் 97 என்று எல்லாம் வேண்டும். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. பிளக் இடைவெளியையும் 0.7 மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். அரைகுறையாகப் பூட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

பீடோர் கிராணி:

கூட்டிப் பார்த்தேன் ஐயா, அந்தப் பட்டியல் பிஸ்டன் வேலையைவிட அதிகமாகிறது. சூப்பர்சார்ஜர் இப்போது கொல்லையில் உரச் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. எண்ணெய்த் தொட்டியில் அந்த நகத்துண்டு கிடைத்துவிட்டது. பேரிங் நன்றாக இருக்கிறது. குளுவாங் தம்பி, இறுதி கியரை மாற்றியபோது முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்தில்தானே மாற்றினீர்கள்? பேராக்கில் அந்த வேலையைச் சரியாகப் பொருத்திக் கொடுக்கும் ஆள் தெரிந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள்.