புதுப்பிப்பு: முறிந்து விழுந்த புங்கமரம்

ஜன்னலை ஒட்டி நின்ற புங்கமரம் காற்றில் முறிந்து விழுந்ததையும், ஒரு மரத்துக்காக இவ்வளவு அழுவது சரிதானா என்று தவித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இலை செழித்த மரம் எப்படி விழும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தண்டை அறுத்தபோது காரணம் தெரிந்தது. நடுப்பகுதி முழுக்கப் பூஞ்சை அரித்து உளுத்துப் போயிருந்தது. மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கிலும் அதை ஒட்டிய வெளிக்கட்டையிலும்தான் இருக்கிறது. அதனால் உள்ளே பொந்தானாலும் மேலே துளிர்த்துக்கொண்டே இருக்கும். நம் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புக் கட்டிவிட்டு, வெளியே புதுக்கட்டை வளர்த்துக்கொண்டு போகும். இத்தனை வருடம் அப்படித்தான் நின்றிருக்கிறது! இது தெரிந்தபின் துக்கம் குறையவில்லை, மரியாதை கூடியது.

2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஹாட்ரியன் சுவர் என்ற பழைய ரோமானியச் சுவர் அருகே நின்ற புகழ்பெற்ற சைக்காமோர் மரத்தை யாரோ இரவில் வெட்டிச் சாய்த்தபோது, அதை நேரில் பார்த்தே இராதவர்களும் கலங்கினார்கள். தினமும் கூட இருந்ததை இழந்தவர் அழக்கூடாதா என்ன? "வேறு மரம் நட்டுக்கொள்" என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

அப்புறம், அடிக்கட்டையைத் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த சைக்காமோரின் அடியில் அடுத்த ஆண்டே துளிர் வந்தது. புங்கமும் வெட்டிய இடத்திலிருந்து நன்றாகத் துளிர்க்கும் இனம். வந்தால் எழுதுகிறேன்.