ஆகஸ்டில் வடக்கு ஐஸ்லாந்து: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

தம்பி (பெங்களூரு): அனைவருக்கும் காலை வணக்கம். ஆகஸ்ட் பயணத்துக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். தலைநகர் ரெய்க்யவிக்கில் கார் எடுத்து, தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலையில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஒரே வாரத்தில் முழு வட்டத்தையும் முடித்துவிடலாம். நடுவில் ஒரு நாள் ஆஸ்க்யா எரிமலைக்கும் நாமே காரில் போய் வரலாம். அக்கா ஆஸ்லோவிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

பெரியப்பா (திருச்சி): நல்ல உற்சாகம் கண்ணா. ஆனால் உன் பெரியம்மாவால் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்.

நான் (ஆஸ்லோ): தம்பி, உன் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டத்தை ஒரு வாரத்தில் முடிப்பவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற நிலம்தான். நம் எல்லோருக்கும் உண்மையாகவே ஆசை எரிமலை நிலத்தின் மேல்தான் என்றால், அது மிக நெருக்கமாகக் கூடிக் கிடப்பது வடக்கே மீவாட்ன் ஏரியைச் சுற்றித்தான். ஆகவே கெப்லாவிக் பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்கி, ரெய்க்யவிக் நகருக்குள் இருக்கும் உள்நாட்டு விமான நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து வடக்கே உள்ள ஆக்யூரேரி நகருக்கு முக்கால் மணி நேரத்தில் பறந்துவிட்டு, அங்கேயே காரை எடுப்போம். இரண்டு விமான நிலையங்களும் வேறு வேறு, இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குப் போதிய நேரம் விட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். ஆக்யூரேரியிலிருந்து ஏரிக்கரைக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. கோதஃபோஸ் அருவி வழியிலேயே இருக்கிறது.

சித்தி (கோவை): ஒரே ஊரில் தங்கினால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாதா?

நான்: தட்டாது சித்தி. ஏரியின் வடகரையில் இருக்கும் ரெய்க்யாலித் என்ற சிற்றூரில் தங்கினால், கிராப்லா எரிமலை, ஹ்வெரிர் சேற்றுக் குழிகள், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஹ்வெர்ஃபியால் எரிமலை வாய் எல்லாமே கால் மணி, அரை மணி நேரத் தொலைவுதான். டெட்டிஃபோஸ் அருவியும், திமிங்கிலம் பார்க்கப் படகு ஏறும் ஹூசாவிக் துறைமுகமும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நான் முன்பு அலுவலக நண்பர்களோடு போனபோது, ஹ்வெரிரில் காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே கந்தக நெடி உள்ளே வந்துவிட்டது. சாம்பல் நிறச் சேறு வட்டக் குழிகளில் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு குமிழி மெதுவாக உப்பி, பளபளவென்று இறுகி, சொத்தென்று உடைந்து விளிம்பில் சேற்றைத் தெளிக்கும். பக்கத்திலேயே கற்குவியலின் இடுக்கிலிருந்து நீராவி சீறிக்கொண்டு வரும். மண் மேலே மஞ்சளும் வெள்ளையுமாகக் காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும், கீழே கொதிநீர் இருக்கக்கூடும் என்பதால், கயிறு கட்டிய பாதையைவிட்டு ஒரு அடிகூட விலகக் கூடாது. பிள்ளைகளின் கையை நாம் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

பெரியப்பா: எரிமலை இப்போதும் உயிரோடு இருப்பதுதானே? அங்கே ஏதாவது வெடித்தால் என்ன செய்வது என்று பெரியம்மா கேட்கிறாள்.

நான்: நியாயமான கேள்வி, பெரியப்பா. 2023 டிசம்பரிலிருந்து செய்தியில் வந்த வெடிப்புகள் தென்மேற்கு மூலையில் நடந்தவை. நாம் போவது அங்கிருந்து வெகு தொலைவு. ஆனால் வடக்கும் உறங்கும் நிலமில்லை. கிராப்லா 1975 முதல் 1984 வரை ஒன்பது முறை வெடித்தது. 1977இல் நீராவிக்காகத் தோண்டிய ஆழ்துளைக் குழாய் வழியாகவே கொஞ்சம் எரிமலைக் குழம்பு பீறிட்டு வந்தது. அதற்கும் முன்பு, 1724 முதல் 1729 வரை நீடித்த வெடிப்பில், ரெய்க்யாலித்தின் பண்ணை வீடுகள் குழம்பில் மூழ்கியபோது, சற்று மேட்டில் இருந்த தேவாலயத்தை மட்டும் குழம்பு இருபுறமும் பிரிந்து சுற்றிக்கொண்டு போயிற்று. அந்தக் கரும்பாறை இன்றும் தேவாலயத்தைச் சுற்றிக் கிடக்கிறது. உங்களுக்கு அதைக் கட்டாயம் காட்டுவேன். அங்கே நில அதிர்வையும் நிலம் உப்புவதையும் அந்நாட்டு வானிலைத் துறை இடைவிடாமல் கண்காணிக்கிறது. எச்சரிக்கை வந்தால் அதன்படி நடப்போம்.

தம்பி: தங்குவது வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்க்யாவை விட மனமில்லை. 1965லும் 1967லும் அப்பல்லோ விண்வெளி வீரர்களைக் கொண்டுபோய்ப் பாறைகளைப் பற்றிப் பயிற்சி தந்த இடம் அக்கா. ஆர்ம்ஸ்ட்ராங்கும் 1967இல் ஐஸ்லாந்துக்கு வந்திருக்கிறார். நான்கு சக்கர இயக்கமுள்ள கார் எடுத்தால் போதாதா?

நான்: ஆஸ்க்யாவை விடச் சொல்லவில்லை, நாமே ஓட்டிப் போவதை விடச் சொல்கிறேன். அங்கே போகும் எஃப் 88 மலைச்சாலையில் பாலம் கிடையாது, ஆற்றிலேயே காரை இறக்க வேண்டும். அதுவும் பனிப்பாறை உருகி வரும் ஆறுகளில் காலையில் இருந்த அளவிலேயே நீர் மாலையில் இருக்காது. பகல் வெயிலில் உருகியது சேர்ந்து மட்டம் ஏறிவிடும். ஆற்று நீரால் காருக்கு ஏற்படும் சேதத்தை வாடகைக் கார்க் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஆற்றில் கார் ஓட்டிப் பழகாத நாம், பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, அந்தப் பாடத்தை அங்கே போய்க் கற்க வேண்டாம். மீவாட்னிலிருந்து உயரமான சக்கரங்கள் பூட்டிய வண்டியில், வழி தெரிந்த ஓட்டுநரோடு ஒரு நாள் முழுக்கப் போய்வரும் சுற்றுலா இருக்கிறது. நீயும் நானும் அதில் போவோம்.

அந்த இடத்தை நான் மதிப்போடு பார்க்கிறேன். 1875இல் அது வெடித்தபோது கிழக்கு ஐஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களைச் சாம்பல் மூடியது. பிழைக்க வழியில்லாமல் ஏராளமானோர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அந்தச் சாம்பல் காற்றில் வந்து இந்த நார்வேயிலும் விழுந்திருக்கிறது. 1907இல் அங்குள்ள ஏரியில் படகில் போன இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் திரும்பவே இல்லை. 2014 ஜூலையில் கரைச்சரிவு அப்படியே ஏரிக்குள் இடிந்து விழுந்து பேரலைகளை எழுப்பியது. நல்லவேளையாக அப்போது இரவு, கரையில் ஆளில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து அங்கே நிலம் மேலே உப்பிக்கொண்டிருப்பதையும் அளந்து சொல்கிறார்கள்.

தம்பி: இதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை அக்கா. வழிகாட்டியோடே போவோம்.

சித்தி: சாப்பாட்டுக்கு என்ன வழி? உன் பெரியம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டார்.

நான்: சமையலறை உள்ள வீடாகப் பார்த்திருக்கிறேன் சித்தி. அரிசி, பருப்பு, காய்கறி, பால் எல்லாவற்றையும் ஆக்யூரேரி பல்பொருள் அங்காடியிலேயே வாங்கிவிட வேண்டும், ஏனெனில் ஏரிக்கரையில் இருப்பது சிறிய கடைதான். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் நீங்கள் கொண்டு வந்தால் போதும். முகத்தை மூடும் கொசுவலைத் தொப்பி ஆளுக்கொன்று வாங்குங்கள்; ஏரிப் பூச்சிகள் பெரும்பாலும் கடிக்காது, ஆனால் காற்று நின்றுவிட்டால் கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும்.

பெரியப்பா: வண்டி ஓட்டுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

நான்: தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர்தான் எல்லை, பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒற்றைவழிப் பாலங்களில் முதலில் வந்தவருக்கு வழிவிட வேண்டும். சாலையைவிட்டு மண்ணில் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம், ஏனெனில் அங்கே பாசி மேல் பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் ஆறாது. இறங்கும்போது கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பிடுங்கினால் கீல் வளைந்துவிடும், அந்தச் செலவும் நம் தலையில்தான். தினமும் காலையில் சாலை நிலவரத்தையும் வானிலையையும் பார்த்த பிறகே நான் சாவியை எடுப்பேன்.

பெரியப்பா: சரியம்மா, முழு மனத்தோடு சம்மதிக்கிறோம். விசா விண்ணப்பத்துக்கு என்ன வேண்டும்?

நான்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். தங்குமிட முன்பதிவுத் தாளை இன்று இரவு இங்கேயே போடுகிறேன். நீங்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து, குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். தம்பி, நீ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடு.

தம்பி: நாளைக்கே போகிறேன் அக்கா.